சாரதா மாட்டிய பூட்டு

மின்துறைக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்காக ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். "கொஞ்சம் பாசிட்டிவ்வா எழுதுங்க சார், இப்ப வர்ற பிள்ளைங்களுக்குத் தன்னம்பிக்கை கம்மி" என்று ஒரு வரியும் சேர்த்தார்கள். அந்த ஒரு வரிதான் என்னை எழுத உட்கார வைத்தது. கோபத்தில்.

உங்களுக்குத் தன்னம்பிக்கை குறைவு என்று யார் கண்டுபிடித்தார்கள்? எந்தக் கருவியால் அளந்தார்கள்? நம் தொழிலில் எதை அளப்பதாக இருந்தாலும், அளக்கும் கருவி சரியாக இருக்கிறதா என்று முதலில் பார்ப்போம். மனிதர்களை அளப்பவர்களுக்கு மட்டும் அந்தக் கட்டாயம் கிடையாது. ஒரு கூட்டத்தில் நீங்கள் கையைத் தூக்கி, "எனக்கு இது சரியாகப் புரியவில்லை" என்று சொன்னால் போதும். அன்றே உங்கள் பெயர் தன்னம்பிக்கை குறைந்தவர்கள் பக்கம் போய்விடும். புரியாமலே தலையாட்டியவன் மறுபக்கத்தில் நிம்மதியாக உட்கார்ந்திருப்பான்.

தன்னம்பிக்கை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அது இல்லாமல் உயர் மின்னழுத்த அறைக்குள் யாரும் கால் வைக்க முடியாது. ஆனால் அந்தப் பெயரில் நமக்கு விற்கப்படும் சரக்கு வேறு. அதை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். சாரதா என்ற பெண்மணியின் கதையைச் சொன்னால் உங்களுக்குப் புரியும்.

நான் கடைசியாகப் பணியாற்றியது சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில், கெலாங் பாத்தா பக்கம் ஒரு தொழிற்சாலையில். அங்கே மின்பகுதி முழுவதற்கும் சட்டப்படி பொறுப்பான பொறியாளர் நான். எனக்குக் கீழே குமரேசன் என்ற சார்ஜ்மேன். சார்ஜ்மேன் என்றால் உயர் மின்னழுத்தப் பேனல்களை நிறுத்தவும் திறக்கவும் அரசுச் சான்றிதழ் பெற்றவர். அவருக்கு உதவியாக இருந்த தொழில்நுட்பப் பணியாளர் சாரதா. டிப்ளமா படித்தவர். மகள் பிறந்தபோது வேலையை விட்டுவிட்டு, அவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் திரும்பி வந்தவர். அவருடைய ஆசை ஒன்றே ஒன்று. தானும் சார்ஜ்மேன் ஆக வேண்டும். அந்தத் தேர்வை ஒரு முறை எழுதித் தோற்றிருந்தார். மறுமுறை எழுத நிறுவனம் அனுப்ப வேண்டும் என்று காத்திருந்தார்.

நிறுவனம் அவரை அனுப்பியது. தேர்வுக்கு இல்லை, மெர்சிங் கடற்கரைக்கு.

எங்கள் மனிதவள மேலாளர் தேவன் எதையும் மனதார நம்புகிறவர். அதுதான் அவரிடம் இருந்த ஆபத்து. யாரோ ஒரு பயிற்சியாளரின் பேச்சைக் கேட்டு உருகிப்போய், எங்கள் எல்லோரையும் பேருந்தில் ஏற்றி மெர்சிங்குக்குக் கொண்டுபோனார். நானும் போனேன். போகாவிட்டால் குழு உணர்வு இல்லாதவன் என்று சொல்லியிருப்பார்கள். போனபிறகும் அதைத்தான் சொன்னார்கள்.

பயிற்சியாளர் காதோடு ஒட்டிய ஒலிவாங்கியை மாட்டிக்கொண்டு, கடல் இரைச்சலையும் மீறிக் கத்தினார். நாங்களும் திருப்பிக் கத்தினோம். கண்ணாடித் துண்டுகளைப் பரப்பி, அதன் மேல் வெறுங்காலோடு நடந்தால் பயம் போய்விடும் என்றார். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் ஆண்டுதோறும் கோவிலில் விரதமிருந்து தீ மிதிக்கிறவர்கள்.

"இதுக்கு விரதம் எல்லாம் வேணாமா சார்?" என்று ஒருவர் அக்கறையோடு கேட்டார்.

"நோ நெகட்டிவ் கொஸ்டின்ஸ்!" என்றார் பயிற்சியாளர்.

மாலையில் மணலில் நெருப்பு மூட்டினார்கள். ஆளுக்கொரு காகிதம் கொடுத்து, நம்மைப் பின்னுக்கு இழுக்கும் சந்தேகத்தை அதில் எழுதச் சொன்னார்கள். எழுதி, படித்து, நெருப்பில் போட வேண்டும். குமரேசன் ஏதோ எழுதிப் போட்டுவிட்டு, கையை உயர்த்தி "போலே!" என்று கத்தினார். மலாயில் முடியும் என்று அர்த்தம். நான் 'இந்த நிகழ்ச்சி எப்போது முடியும்' என்று எழுதிப் போட்டேன். சாரதா எழுதியதைப் பயிற்சியாளர் அவர் கையிலிருந்து வாங்கி, தானே உரக்கப் படித்தார்.

"எதைச் செய்தாலும் இன்னொரு தடவை சோதித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது."

கூட்டம் அனுதாபத்தோடு முனகியது. பயிற்சியாளர் சாரதாவின் தோளைத் தொட்டு, "இதுதான் கிளாசிக் கேஸ். இவங்க தன்னையே நம்பல. இன்னைக்கு இந்தச் சந்தேகத்தக் கொல்லப் போறாங்க. கம் ஆன், எல்லாரும் கை தட்டுங்க!" என்றார். எல்லோரும் தட்டினார்கள். சாரதா காகிதத்தை நெருப்பில் போட்டார். அவர் முகத்தில் நிம்மதி எதையும் நான் பார்க்கவில்லை. ஆசிரியரிடம் திட்டு வாங்கிய பிள்ளையின் முகம்தான் இருந்தது.

யோசித்துப் பாருங்கள். விமானம் ஓட்டுகிறவரிடம் போய், நீ ஏன் கிளம்புவதற்கு முன் எல்லாவற்றையும் சரிபார்க்கிறாய், உனக்கு உன் மேல் நம்பிக்கை இல்லையா என்று யாராவது கேட்பார்களா? மின்சாரத்தைத் தொடுகிற ஒரு பெண்மணியிடம் கேட்டார்கள். கேட்டதற்குப் பணமும் வாங்கிக்கொண்டு போனார்கள்.

திரும்பி வந்ததும் தேவன் ஒரு புது வழக்கத்தைக் கொண்டுவந்தார். காலைக் கூட்டத்தில் எல்லோரும் நின்று, கை முஷ்டியை மடக்கி உயர்த்தி, மூன்று முறை "போலே" என்று கத்த வேண்டும். கூட்டத்தில் யாராவது 'சந்தேகம்', 'ஒருவேளை', 'தெரியவில்லை' என்ற சொற்களைச் சொன்னால், எழுந்து நின்று அதையே 'பாசிட்டிவ்' ஆக மாற்றிச் சொல்ல வேண்டும்.

"இந்த கேபிள் சூடாகுதோன்னு சந்தேகமா இருக்கு" என்று ஒருவர் சொன்னார்.

"மாத்திச் சொல்லுங்க பிரதர்" என்றார் தேவன்.

அவர் எழுந்து நின்று, மோட்டுவளையைப் பார்த்துக் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இந்த கேபிள் நல்லாச் சூடாகுதுன்னு நம்புறேன்" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் நிற்பதற்கும் மாற்றிச் சொல்வதற்கும் வெட்கப்பட்டு, சில வாரங்களில் பலர் சந்தேகங்களைச் சொல்வதையே விட்டுவிட்டார்கள். கூட்டம் சீக்கிரம் முடிந்தது. தேவன் அதையே பயிற்சியின் வெற்றியாகக் காட்டினார்.

சீனப் புத்தாண்டு வந்தது. ஆலை மூடியிருக்கும் அந்த நாட்களில்தான் பெரிய மின் பராமரிப்பு வேலைகள் நடக்கும். பக்கத்து ஊரான ஸ்கூடாயிலிருந்து ஒப்பந்த ஆட்கள் வந்திருந்தார்கள். ஒரு பேனலைத் திறந்து, உள்ளே கேபிள் முனையைப் பிரித்து மாற்ற வேண்டும். மின்சாரத்தை நிறுத்தி, நின்றுவிட்டதா என்று சோதித்து, பாதுகாப்பு என்று அறிவிப்பது குமரேசனின் பொறுப்பு. பக்கத்தில் சாரதா.

இந்த இடத்தில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் விளக்கிவிடுகிறேன். மின்சாரம் இருந்தால் டெஸ்டர் கத்தும். இல்லாவிட்டால் பேசாது. ஆனால் டெஸ்டரே பழுதாகிவிட்டாலும் அது பேசாது. அதனால்தான் முதலில் மின்சாரம் நிச்சயமாக உள்ள ஓர் இடத்தில் வைத்துக் கத்துகிறதா என்று பார்ப்போம். அப்புறம் வேலை செய்ய வேண்டிய இடத்தில் வைப்போம். பேசவில்லை என்றால், மறுபடியும் மின்சாரம் உள்ள இடத்துக்குக் கொண்டுபோய், அது இன்னும் உயிரோடுதான் இருக்கிறதா என்று பார்ப்போம். மூன்றாவது படி சலிப்பானது. யாரும் பாராட்டாதது. எல்லோருக்கும் விட்டுவிடத் தோன்றுவதும் அதுதான்.

குமரேசன் முதல் இரண்டையும் செய்தார். டெஸ்டர் பேசவில்லை. "ஓகே, கன்ஃபர்ம் டெட்" என்று அறிவித்தார். மூன்றாவதற்கு, முதல் படியை முடித்த அடுத்த கட்டடம் வரை மறுபடியும் நடந்து போக வேண்டும். நல்ல வெயில்.

"தம்பி, அங்க போயி இன்னொரு தடவ பாத்துட்டு வந்துடலாமா?" என்று சாரதா கேட்டார்.

"எதுக்கு கா?"

"இல்ல, டெஸ்டர் ஒருவேள..."

"ஒருவேளயா!" என்றார் குமரேசன். "அக்கா, மெர்சிங்ல என்னத்த எரிச்சீங்க? சாம்பல அள்ளிட்டு வந்துட்டீங்களா?"

ஒப்பந்த ஆட்கள் சிரித்தார்கள். தமிழ் தெரியாதவர்களுக்குத் தெரிந்தவர்கள் மொழிபெயர்த்துச் சொல்ல, அவர்களும் ஒரு சுற்றுச் சிரித்தார்கள். குமரேசன் கெட்ட மனிதர் அல்ல. நல்ல வேலைக்காரர். முந்தைய ஆண்டாக இருந்திருந்தால் முனகிக்கொண்டே நடந்து போய்விட்டு வந்திருப்பார். ஆனால் சந்தேகப்படாதவன்தான் தலைவன் என்று அவருக்குக் கைதட்டலோடு சொல்லிக் கொடுத்திருந்தார்களே.

சாரதா வாதாடவில்லை. அவருக்கு வாதாட வராது. யாராவது குரலை உயர்த்தினால் தான்தான் தவறு என்று நினைக்கிற பழக்கம் அவருக்கு. ஆனால் அவர் இடுப்பில் தன் சொந்தப் பூட்டு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. நம் எல்லோருக்கும் உள்ளதுதான். ஒரு பேனலில் நாம் மாட்டிய பூட்டை நாமே வந்துதான் கழற்ற வேண்டும். சார்ஜ்மேன் ஆனாலும் சரி, ஆலையின் முதலாளியே ஆனாலும் சரி, அடுத்தவர் பூட்டில் கை வைக்கக்கூடாது. சாரதா அதை எடுத்தார். பேனல் கதவின் கைப்பிடியில் மாட்டினார். பூட்டினார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சுவர் ஓரமாகப் போய் நின்றுகொண்டார்.

"அலாமாக், என்னா கா இது?"

"நான் எடுக்க மாட்டேன் தம்பி."

"ஏன்?"

"தெரியல. எடுக்க மாட்டேன்."

என்னைக் கூப்பிட்டார்கள். நான் போனபோது எல்லோரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒப்பந்தக்காரர் கைக்கடிகாரத்தை என் முகத்துக்கு நேரே நீட்டினார். தேவனும் வந்து சேர்ந்திருந்தார். சாரதா மட்டும் சாவி இருந்த பையைக் கையால் பொத்திக்கொண்டு நின்றார். கண்ணில் நீர்.

"என்ன சாரதா?"

"நான் தப்பா இருக்கலாம் சார். அவருதான் சார்ஜ்மேன். எனக்கு அவ்வளவு தெரியாது. ஆனா டெஸ்டர் செத்திருந்தாலும் பேசாதுல்ல சார்?"

"பேசாது."

"அதான் சார்."

நான் டெஸ்டரை வாங்கிக்கொண்டு குமரேசனோடு அடுத்த கட்டடத்துக்கு நடந்தேன். இந்த இடத்தில் உங்களில் பலர் முடிவை ஊகித்திருப்பீர்கள். டெஸ்டர் பழுதாகியிருந்தது, பேனலில் மின்சாரம் இருந்தது, சாரதா உயிர்களைக் காப்பாற்றினார் என்று. அப்படி எதுவும் நடக்கவில்லை. டெஸ்டர் கணீரென்று கத்தியது. அதில் ஒரு குறையும் இல்லை. திரும்பி வந்து பேனலில் வைத்தோம். மின்சாரம் இல்லை. குமரேசன் சொன்னது சரி.

சாரதா பூட்டைக் கழற்றினார். ஒப்பந்த ஆட்கள் கை தட்டினார்கள். அது மெர்சிங் கைதட்டலை விடக் கொடுமையாக இருந்தது. "இப்ப ஹேப்பியா கா?" என்று குமரேசன் கேட்டார். சாரதா கதவைத் திறந்து வழிவிட்டார். வேலை நடந்து முடிந்தது.

விடுமுறை முடிந்ததும் தேவன் என்னைத் தன் அறைக்கு அழைத்தார்.

"சார், சாரதாவ இந்தத் தடவ எக்ஸாமுக்கு அனுப்ப வேணாம்னு முடிவு பண்ணியிருக்கோம். அவங்களுக்கு இன்னும் கான்ஃபிடன்ஸ் வரல. அன்னைக்கு நடந்ததப் பாத்தீங்கல்ல?"

"பார்த்தேன். என்ன நடந்தது?"

"தப்பா ஜட்ஜ் பண்ணி வேலைய நிறுத்திட்டாங்க."

"எது தப்பு?"

"டெட்டா இருந்த பேனல லைவ்னு..."

"அவர் லைவ் என்று சொல்லவில்லை தேவன். இன்னும் தெரியாது என்று சொன்னார். அந்த நேரத்தில் இன்னும் தெரியாதுதான். தெரிந்தது நாங்கள் நடந்து போய்விட்டு வந்த பிறகு. அங்கே தப்பாகச் சொன்ன ஒரே ஆள் கன்ஃபர்ம் என்று சொன்னவர்."

"ஆனா அவரு சொன்னது சரியாத்தான சார் இருந்துச்சு?"

என் ரத்தம் எந்த அளவுக்குக் கொதித்தது என்பதை இங்கே எழுத முடியாது. கண்ணை மூடிக்கொண்டு சாலையைக் கடந்தவன் மறுபக்கம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டால், அவன் சாலையைக் கடக்கத் தெரிந்தவன் ஆகிவிடுவானா? பார்த்துக் கடந்தவளிடம், பார்த்தாயே, வண்டி ஏதாவது வந்ததா, எதற்காக நேரத்தை வீணடித்தாய் என்று கேட்பார்களா? சோதித்தபோது குறை ஒன்றும் இல்லை என்று தெரிந்தால் அதுதான் சோதனையின் நல்ல முடிவு. அதைத் தோல்வி என்று ஒரு மனிதர் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் கத்தவில்லை. கத்துவதை அவர்கள் மெர்சிங்கில் ஏற்கெனவே போதுமான அளவு செய்திருந்தார்கள். விதிமுறையைச் சொன்னேன். நிறுவனம் பரிந்துரைத்தால் தேர்வுக் கட்டணம் நிறுவனத்துடையது. பரிந்துரைக்காவிட்டால் சாரதா தனியாக விண்ணப்பிக்கலாம். அவருடைய பணி அனுபவத்துக்குச் சான்று தர வேண்டியது மின்பகுதிக்குப் பொறுப்பான பொறியாளர். மனிதவளப் பிரிவு அல்ல.

"அப்ப நீங்க எங்க முடிவுக்கு எதிராப் போறீங்களா சார்?"

"விதிப்படி போகிறேன்."

"கொஞ்சம் பாசிட்டிவ்வா எடுத்துக்கலாமே சார்."

"பாசிட்டிவாகத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். அவர் தேறுவார்."

இதோடு பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டு சாரதாவிடம் போனேன். தீரவில்லை. அவர் மாட்டேன் என்றார்.

"வேணாம் சார். அவங்க சொல்றது சரிதான். எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு இதுக்கு மனதைரியம் இல்ல. டெஸ்டர் நல்லாத்தான இருந்துச்சு?"

எனக்கு அவர் மேலும் கோபம் வந்தது. ஒரு வருடமாக ஊரே கூடி அந்தப் பெண்மணிக்கு அவருடைய நோயைச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. அவரும் அதை மனப்பாடம் செய்து எனக்கு ஒப்பிக்கிறார். ஆறுதல் சொல்வது எனக்குக் கைவராது. அதனால் ஒரு கேள்வி கேட்டேன்.

"நாளைக்கு அதே மாதிரி நடந்தால் என்ன செய்வீர்கள்? அதே பேனல், அதே ஆட்கள், அதே சிரிப்பு."

"பூட்டப் போடுவேன்."

யோசிக்காமல் வந்த பதில். சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்திருக்க வேண்டும். என்னைப் பார்த்தார். "எனக்கு வாய்மொழித் தேர்வுதான் சார் பயம்" என்றார்.

முதல் முறை தோற்றது அதில்தான். எழுத்துத் தேர்விலும் செய்முறையிலும் அவர் நன்றாகவே செய்திருந்தார். வாய்மொழியில் தேர்வாளர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. நீங்கள் பதில் சொன்னதும் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு "பஸ்தி?" என்பார்கள். மலாயில் நிச்சயமா என்று அர்த்தம். பதில் சரியாக இருந்தாலும் கேட்பார்கள், தவறாக இருந்தாலும் கேட்பார்கள். அன்று அவர்கள் ஒவ்வொரு முறை கேட்டபோதும், தான் தவறாகச் சொல்லிவிட்டதாக நினைத்து சாரதா பதிலை மாற்றினார். சரியான பதில்கள் எல்லாவற்றையும் வரிசையாகத் தவறாக மாற்றிவிட்டு வெளியே வந்தார்.

"அந்த வார்த்தையக் கேட்டாலே நான் சொன்னது தப்புன்னு தோணிடுது சார்."

அதற்கு என்னிடம் மருந்து இருக்கவில்லை. மருந்தை அவரே கண்டுபிடித்தார். அவர் கணவர் ரவி தினமும் மோட்டார் சைக்கிளில் இரண்டாவது பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறவர். அவரிடமும் மகளிடமும் சாரதா ஒரு வேண்டுகோள் வைத்தார். வீட்டில் தான் என்ன சொன்னாலும் திருப்பி "பஸ்தி?" என்று கேட்க வேண்டும். ரவி பிற்பாடு என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

"சாம்பாருக்கு உப்பு போட்டாச்சுன்னு சொல்லும் சார். நான் மூஞ்சிய உர்ருன்னு வச்சுக்கிட்டு, பஸ்தின்னு கேப்பேன். மொதல் வாரம் எல்லாம் ஓடிப்போயி இன்னொரு கரண்டி போட்டுரும். வாயில வைக்க முடியல சார். புள்ள அதுக்கு மேல. 'மா, நீங்க என்னோட அம்மா, பஸ்தி?'ங்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒருநாள் கேக்குறேன், அது பாட்டுக்குச் சமைக்குது. 'போட்டேன், வேணும்னா நக்கிப் பாருங்க'ன்னுச்சு. அன்னைக்கே நெனச்சேன் சார், இது பாஸாயிரும்னு."

உங்களுக்கு நேர்மறைச் சிந்தனை பற்றி ஏதாவது எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், என்னால் எழுத முடிந்தது இவ்வளவுதான். என்னால் முடியும், என்னால் முடியும் என்று சாரதா ஒருநாளும் கண்ணாடி முன் நின்று சொல்லிக்கொண்டதில்லை. தன்னைப் பயமுறுத்திய கேள்வி எது என்று அடையாளம் கண்டார். அதை வீட்டுக்குள் கூட்டி வந்து, அடுப்பங்கரையில் உட்கார வைத்து, அது வெறும் கேள்வி ஆகும்வரை பழகினார். கேட்டதும் பதிலை மாற்றத் தேவையில்லை, போய்ப் பார்த்தால் போதும் என்று அவருக்குப் புரிந்தது. தன் மேல் சந்தேகம், வேலையின் மேல் சந்தேகம் என்று இரண்டு இருக்கின்றன. மெர்சிங்கில் இரண்டையும் ஒரே காகிதத்தில் எழுத வைத்து எரித்தார்கள். சாரதா தன் மேல் இருந்ததை மட்டும் தூக்கிப் போட்டார். சம்பளமே மற்றதற்குத்தான் என்று அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

தேர்வு அறையில் நடந்ததை அவர் சொல்லித்தான் தெரியும். மூன்று தேர்வாளர்கள். முதல் பதிலுக்கே நடுவில் இருந்தவர் "பஸ்தி?" என்றார். சாரதா, மலாயில் ஐயா என்று சொல்வதுபோல, "ஆமாம் துவான்" என்றார். அடுத்ததற்கும் கேட்டார். ஆமாம் துவான். மூன்றாவதற்கு, ஒரு டெஸ்டர் மின்சாரம் இல்லை என்று காட்டுகிறது, நீ பேனலைத் திறப்பாயா என்று கேட்டிருக்கிறார். டெஸ்டரை மறுபடியும் சோதிக்கும்வரை திறக்க மாட்டேன் என்று இவர் சொல்லியிருக்கிறார். உன் மேலதிகாரி திற என்று சொல்கிறார், ஆட்கள் காத்திருக்கிறார்கள், எல்லோரும் சிரிக்கிறார்கள், அப்போது? பூட்டை மாட்டிவிட்டு நிற்பேன். டெஸ்டர் நன்றாக இருந்து, நீ செய்தது வீண் என்று ஆகிவிட்டால்?

"அதற்கு நீங்கள் என்ன சொன்னீர்கள்?" என்று நான் கேட்டேன்.

"டெஸ்டர் நல்லா இருந்தா சந்தோஷம்தான துவான், இதுல வீண் எங்க இருக்குன்னு கேட்டுட்டேன் சார். மலாய்ல பட்டுன்னு வந்துருச்சு. அவரு சிரிச்சுட்டாரு."

"பஸ்தி கேட்கவில்லையா?"

"அதுக்கு மட்டும் கேக்கல சார்."

கடைசிக் கேள்வி ஒன்றுக்குப் பதில் தெரியவில்லையாம். தெரியாது, தெரிந்துகொள்ளும்வரை அதைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். தேறிவிட்டார்.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் இவ்வளவு கோபத்தோடு எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். தேர்வு முடிவு வந்த வாரத்திலேயே தேவன் புன்னகையோடு வந்தார். நிறுவனத்தின் பயிற்சித் திட்டத்துக்கு ஒரு சுவரொட்டி அடிக்கப் போகிறார்களாம். நம்பிக்கையை இழந்திருந்த ஒரு சாதாரணப் பெண் பணியாளர், மெர்சிங் முகாமில் சந்தேகத்தை எரித்து, சார்ஜ்மேன் ஆன கதை. அதற்குப் படம் எடுக்க வேண்டும். தேர்வுக்கு அனுப்ப மறுத்தவர், கட்டணம் கட்டாதவர், தன் பயிற்சியின் வெற்றிக்கு அந்தப் பெண்மணியின் முகத்தைக் கேட்கிறார். கூச்சம் என்ற ஒன்று மனிதவளப் பிரிவுக்குப் போகும் வழியில் எங்கேயோ தொலைந்துவிடுகிறது போலும்.

நான் மறுக்கச் சொன்னேன். சாரதா, "பரவால்ல சார், எடுத்துட்டுப் போகட்டும்" என்றார். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் படம் எடுத்த இடத்துக்குப் போனேன்.

மின்னறையில் விளக்குகளை நட்டு வைத்திருந்தார்கள். படம் எடுக்கிறவர் ஒரு துடிப்பான இளைஞர். ஒரு பேனலைக் காட்டி, "இந்தக் கதவத் திறந்து வச்சுக்கிட்டு, ஒரு கை உள்ள இருக்குற மாதிரி, இன்னொரு கை முஷ்டிய மடக்கி மேல தூக்கி, கேமராவப் பாத்துச் சிரிங்க கா" என்றார்.

"இத நிறுத்தியாச்சா?" என்று சாரதா கேட்டார்.

"நிறுத்தியாச்சு கா" என்றார் தேவன். "குமரேசன் காலையிலயே நிறுத்திட்டாரு. எல்லாம் கன்ஃபர்ம்."

சாரதா குமரேசனைப் பார்த்தார். குமரேசன், "நிறுத்திட்டேன் கா. டெஸ்ட் இன்னும் பண்ணல" என்றார். அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னதை நான் கவனித்தேன். அதற்காக அன்று அவரை மன்னித்தும் விட்டேன்.

சாரதா தன் பூட்டை எடுத்துப் பேனலில் மாட்டினார். டெஸ்டரை எடுத்துக்கொண்டார்.

"ரெண்டு நிமிஷம்தான கா படம்? டக் அப்பா லா, பரவால்ல!" என்றார் தேவன். "கைய உண்மையா உள்ள விடவா போறீங்க? போட்டோகிராபருக்கு அடுத்த வேல இருக்கு. அவரு வெயிட் பண்றாரு."

"நிக்கட்டும்" என்றார் சாரதா.

குரலை உயர்த்தவில்லை. யாரிடமும் மன்னிப்பும் கேட்கவில்லை. குமரேசனைக் கூட்டிக்கொண்டு அடுத்த கட்டடத்துக்கு நடந்தார். விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. தேவனும் புகைப்படக்காரரும் நானும் பூட்டியிருந்த கதவைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நாங்கள் மூன்று பேரும் நின்ற அந்த நேரத்தை யாராவது படம் எடுத்திருந்தால், நீங்கள் எல்லோரும் சுவரில் மாட்டிக்கொள்ள வேண்டிய படம் அதுதான்.